லைன் பார்க்கப் போன பிரிசில்லா

ஆம்பூர் கேபிள் ஆபீசில் புகார் போன் எடுக்கிற பிரிசில்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். முன்பு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள். "வைஃபை இருக்கு, நெட் இல்ல" என்று சில வருடங்களாக ஊரே இவள் காதில்தான் அழுகிறது. இவளுக்கோ வெளியே போய் லைன் பார்க்க ஆசை. கேட்டபோதெல்லாம் முதலாளி டேனியல் சிரித்தே மழுப்பினார். பெண் கம்பம் ஏறினால் பாலாறு வற்றிவிடும் போல! அது ஏற்கெனவே மணலாகத்தான் கிடக்கிறது.

அன்று லைன்மேன்கள் எல்லோரும் ஆலங்காயம் பக்கம் அறுந்த லைனைப் பார்க்கப் போயிருந்தார்கள். தோல் வியாபாரி அப்துல் ஹமீது பாய் போனில் கத்தினார். இத்தாலிக்காரர் வீடியோவில் தோல் பார்க்க உட்கார்ந்துவிட்டாராம். சிம் நெட்டில் படம் நின்று நின்று வருகிறது. வைஃபையோ முழுசாகக் காட்டுகிறது, ஒன்றும் திறக்கவில்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள் பிரிசில்லா. போட்டும் வரவில்லை.

"நான் போறேன் சார்."

டேனியலுக்கு வேறு வழியில்லை. "சரி பண்ணிட்டா நாளைலர்ந்து நீயும் லைனுக்குப் போ. இல்லன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

பாய் வாசலிலேயே மறித்தார். "இன்னாம்மா, ஆம்பள யாரும் வரலியா?"

"அவங்க வர்ற வரைக்கும் இத்தாலிக்காரர் உக்காந்திருப்பாரா பாய்?"

பாய் வழிவிட்டார்.

வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பெட்டியிலிருந்து போனுக்குப் பழுதில்லை. வெளியிலிருந்து பெட்டிக்கு வருவதுதான் வரவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். சோபாவுக்குப் பின்னால் அது நாலாக மடிக்கப்பட்டு, தோல் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"அசிங்கமா தொங்கிச்சு. காலைல நான்தான் கட்டினேன்," என்றார் பாய் பெருமையாக.

"தோலை மடிக்கிற மாதிரி மடிச்சிட்டீங்களே பாய்! உள்ள இருக்கறது கண்ணாடி இழை. மடிச்சா வெளிச்சம் போகாது, நெட்டும் வராது."

அது ஒடிந்திருந்தால் இவள் ஆசையும் போச்சு. ஒட்டத் தெரியாது. முடிச்சை அவிழ்த்து, வயரை மெல்ல நீவி, அகலமான வளையமாக ஆணியில் மாட்டினாள்.

சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது.

லேப்டாப்பில் இத்தாலிக்காரர் கையசைத்தார். பாய் அவரைக் காக்க வைத்துவிட்டு டேனியலுக்குப் போன் போட்டார். "ஜாஸ்தி பேசுது. ஆனா கெட்டிக்காரப் பொண்ணு. இனிமே எங்க குடோனுக்கும் இதையே அனுப்பு."

மறுநாள் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டியபோது பிரிசில்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேஜையில் போன் அடித்தது.

"இத இனிமே யாரு எடுக்கறது?" என்றார் டேனியல்.

"நீங்கதான் சார். எந்தத் தெருன்னு கேட்டு எனக்குச் சொல்லுங்க," என்று வண்டியைக் கிளப்பினாள்.