மச்சான் முதுகுக்கு ஒரு ஊசி

ஊசி என்றால் கூராக இருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். இதில் என்ன முட்டாள்தனம், ஊரே அப்படித்தானே நம்புகிறது என்பீர்கள். ஊர் நம்பலாம், ஊருக்கு அதனால் நஷ்டமில்லை. நானோ கடலூர் முதுநகரில், ரயிலடிக்குப் போகும் சாலையில், சாணை பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன். அந்த நம்பிக்கையைக் கையில் ஏந்திக்கொண்டு என் மச்சானின் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டேன்.

கடையில் கடிகாரமும் பழுது பார்ப்பேன். ஆனால் பேர் வாங்கித் தந்தது சாணைதான். சவரக் கத்தி, தையற்காரர்களின் கத்தரிக்கோல், ஆஸ்பத்திரிக் கத்தி எல்லாம் என்னிடம்தான் வரும். தீட்டியதைச் சோதிக்க என் இடது முன்கையை மழித்துப் பார்ப்பேன். மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அந்த மொட்டைக் கையைப் பார்த்து, ஏதோ தோல் வியாதிக்காரனுக்குக் கட்டிவைக்கிறார்கள் என்று என் மனைவி பயந்துபோனாளாம்.

யுத்த காலம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஊசியும் நின்றது. எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்யும் டாக்டர், என் வயதுக்காரர், ஒருநாள் சைக்கிளில் வந்திறங்கி ஒரு தகர டப்பாவை என் மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் நீளமான பழைய ஊசிகள். நுனி வளைந்தவை, துரு ஏறியவை.

“இதுல ஒண்ணையாவது தேத்திக் குடுங்க. உங்க மச்சானுக்குத்தான் வேணும்” என்றார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சிதம்பரம் கீழவீதியில் அரிசி மண்டி வைத்திருந்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. கூடவே மூச்சு இழுப்பு. குளோரோபாம் கொடுத்துத் தூங்கவைத்தால் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது என மற்ற டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். இந்த டாக்டர்தான், முதுகில் ஊசி போட்டு இடுப்புப் பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுக்கலாம் என்றார். சென்னையில் கற்றுக்கொண்டு வந்த முறை.

“முதுகெலும்புங்களுக்கு நடுவுல கெட்டியா நார் இருக்கு. அதைத் தாண்டினா துளி இடம், மருந்து அங்கதான் போகணும். அதுக்கப்புறம் தண்டுவடத்தைச் சுத்தி ஒரு உறை. ஊசி நாரைத் தாண்டணும், உறையைக் கிழிக்கக் கூடாது. கிழிஞ்சு மருந்து உள்ள போச்சுன்னா மரப்பு மேல ஏறிடும். இழுப்புக்காரருக்கு மூச்சே நின்னுடும்” என்று டாக்டர் விளக்கினார்.

நான் பெரிதாகத் தலையாட்டினேன். மண்டையில் ஏறியது ‘ஊசி’ என்ற ஒரு வார்த்தைதான்.

டப்பாவிலிருந்ததில் நேரான ஒன்றைப் பொறுக்கி, துருப்பிடித்த நுனியை வெட்டிவிட்டேன். உள்ளே சதை அடைத்துக்கொள்ளாமலிருக்க ஊசித் துளைக்குள் ஒரு கம்பி கிடக்க வேண்டும். குத்தி முடித்ததும் அதை உருவிவிடுவார்கள். அவ்வளவு மெல்லிய எஃகுக் கம்பிக்கு எங்கே போவது? அண்ணாமலை நகரிலிருந்து வந்த வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் வீணை வாசிப்பவர். அவரிடம் அறுந்த தந்தி கேட்டேன். “எதுக்கு, கடிகாரத்துக்குச் சுருதி சேக்கப் போறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். தந்தியைத் துளைக்குள் விட்டு, இரண்டையும் சேர்த்தே கல்லில் தீட்டினேன். நீளச் சரிவாக, தாழம்பூ மடல் மாதிரி ஒரு முனை. அதைப் பார்த்து நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ஆட்டு முதுகெலும்பு ஒன்றை ஆஸ்பத்திரிப் பின்கட்டில் பலகைமேல் வைத்து என் ஊசியைக் குத்தினார். அது வெண்ணெயில் போவதுபோல் போனது.

“கையில ஒண்ணுமே தெரியலையே!” என்றார்.

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் டாக்டர்” என்றேன் கைகூப்பி.

“பாராட்டலைய்யா. திட்டறேன்.”

ஊசியை என் கையில் கொடுத்து என்னையே குத்தச் சொன்னார். நானும் குத்தினேன். நார் எங்கே, இடம் எங்கே, உறை எங்கே, எதுவும் கைக்குத் தெரியவில்லை. ஊசி அந்தப் பக்கம் வந்து பலகையில் நின்றது.

“உங்க மச்சான் செத்தாரு” என்றார் டாக்டர் அமைதியாக. “எங்க நிக்கணும்னு ஊசி கைக்குச் சொல்லணும். இது சொல்லாம ஓடுது. சரிவைக் குட்டையாக்குங்க. ஓரத்தை மழுக்குங்க.”

வேண்டுமென்றே எதையும் மழுக்கிப் பழக்கமில்லாத கை. எண்ணெய்க் கல்லைத் தொட்டதும் அது பாட்டுக்குத் தீட்ட ஆரம்பித்துவிடும். மழுக்க உட்கார்ந்து, முன்னைவிடக் கூராக்கிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் சோதிக்க முதுகெலும்பு வேண்டும். கறிக்கடை பாய் பரங்கிப்பேட்டைக்காரர். “அண்ணே, தினம் முதுகை மட்டும் கேட்டா மிச்ச ஆட்டை நான் என்னா பண்றது? ஜாஸ்தி வேணாம், ஒருநாளாச்சும் தொடைக்கறி வாங்கிட்டுப் போங்க” என்று கெஞ்சினார். சோதித்த எலும்பை வீட்டுக்கு எடுத்துப் போனால் மனைவி அடுப்படியிலேயே சேர்க்கவில்லை.

“ஆஸ்பத்திரி ஆட்டையெல்லாம் கொழம்பு வெக்க மாட்டேன். மொதல்ல எங்க அண்ணனுக்கு ஒழுங்கா செய்ங்க. அவுங்களுக்கு ஏதாச்சும் ஆச்சு…” என்பாள். வாக்கியத்தை முடிக்க மாட்டாள். மிச்சத்தை நானேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரப்பினேன், தூக்கம் வரவில்லை.

மச்சான் சிதம்பரத்திலிருந்து ரயிலேறி வந்து நேரே கடைக்குள் நுழைந்தபோது, நான் ஊசி முனையைக் கல்லில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா மாப்ள, எனக்குத்தானே? நல்லா தீட்டு.”

“தீட்டல மச்சான். மழுக்கறேன்.”

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. மூச்சு வாங்கியபடி என்னையே பார்த்தார்.

“தங்கச்சியக் கட்டிக் குடுத்ததுக்கு இதானா கைம்மாறு? ஊருக்கெல்லாம் தீட்டுவ, எனக்கு மட்டும் மழுக்குவியா?”

“டாக்டர்தான் சொன்னாரு மச்சான்.”

“அவரு சொல்வாரு. முதுகு அவுருதா? சாயங்கால வண்டி எத்தினி மணிக்கு?”

வண்டி ஏறிவிட்டால் திரும்ப வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். குடல் ஒருநாள் சிக்கிக்கொண்டால் அப்புறம் எந்த ஊசியாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பேசிப் பார்த்தேன், என் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் இருந்த மரியாதைக்கு அது எடுபடவில்லை. கடைசியில் அன்றைக்கு வாங்கி வைத்திருந்த முதுகெலும்பை மேசைமேல் எடுத்துப் போட்டேன். ஊசியைப் பாதி தூரம் குத்தி, தந்தியை உருவி, டாக்டர் கொடுத்திருந்த கண்ணாடி சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிப் பொருத்தினேன்.

“பிஸ்டனை அமுக்கிக்கிட்டே மெதுவா தள்ளுங்க மச்சான். வண்டிக்கு நேரமிருக்கு.”

பையைத் தோளில் மாட்டியபடியே அமுக்கினார். பிஸ்டன் அசையவில்லை. ஊசியைக் கொஞ்சம் தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். திடீரென்று பிஸ்டன் இளகி, தண்ணீர் சுலபமாக உள்ளே போனது. மச்சான் கை தானாக நின்றது.

சிரிஞ்சை விட்டுவிட்டு எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“மூட்டையில குத்தூசி போட்டு அரிசி எடுத்துப் பாக்கறோமில்ல? கோணி கொஞ்சம் முரண்டு பண்ணும். அப்புறம் விட்டுக் குடுக்கும். அங்க நிறுத்தணும், அதானே?”

“அதேதான் மச்சான்.”

“கூரா இருந்தா கை நிக்காது. அந்தப் பக்கத்துக் கோணியையும் கிழிச்சிரும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பையைத் தோளிலிருந்து இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதை மொதல்லியே சொல்றதுக்கென்னா? மழுக்கறேன் மழுக்கறேன்னு என்னமோ என் கழுத்தை அறுக்கறவன் மாதிரி பேசற” என்றார்.

ஆபரேஷன் அன்று காலை மனைவியும் நானும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆபரேஷன் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல், “குனிஞ்சு உக்காருங்க. அசையாதீங்க” என்றது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என் விரல்கள் மடியில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தன. மனைவி அதன்மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மச்சானின் குரல். நர்சம்மாவிடம், அவர்கள் வீட்டில் எந்தக் கடையில் அரிசி வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரன் கல் கலக்கிறவன் என்றார். வயிற்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது வியாபாரம் பேசும் மனிதரை அன்றுதான் கேட்டேன். மூச்சு இருக்கிறது, பேச்சு இருக்கிறது. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதவாறே சிரித்தாள்.

டாக்டர் வெளியே வந்து, முகத்துணியை இறக்கி, “நல்லபடியா முடிஞ்சுது. சரியா அந்த இடத்துலயே நின்னுச்சு” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். என் கால் தரையில் படவில்லை. அத்தனை நாள் தேய்ப்பு, அத்தனை ஆடுகள், அறுந்த வீணைத் தந்தி!

மச்சானைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நான் ஓடிப்போய்க் குனிந்து, ஊரே கேட்கும்படி, “எப்படி மச்சான் நம்ம ஊசி?” என்றேன்.

கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார்.

“எந்த ஊசி? எப்பக் குத்துனாங்க?”