உலீஸ் லூபாவின் மகள்

பத்து மணிக்கு அருங்காட்சியகத்தின் கதவைத் திறக்கும்போதே பியரெத் லூபா படியில் நின்றுகொண்டிருக்கிறார். சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு தலையசைப்பு; உள்ளூர்க்காரர்களுக்குச் சீட்டு வேண்டாம். பழைய மது விளம்பரப் படங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக இரண்டாவது அறைக்குப் போகிறார். அங்கே சுவரில் ஓர் ஆளுயரப் பலகை. கலைந்த தலை, ஒட்டிய கன்னம், எதையோ வெறிக்கும் கண்கள். கீழே பெரிய எழுத்தில்: 'உலீஸ் லூபா. பச்சைத் தேவதையின் கடைசிப் பலி.' அதற்கு நேர் கீழே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் ஆள் கைபேசியை உயர்த்தும் வரை காத்திருக்கிறார்.

"படம் எடுத்துக்கங்க, பரவால்ல. ஆனா கீழ எழுதியிருக்கறது பொய். இவரு எங்கப்பா."

இப்படிப் பதினோரு சனிக்கிழமை ஆகிறது.

எழுபத்திரண்டு வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ் வரை கேட்கும். வருடம் பூராவும் ஆண்கள் போடும் தோல் பூட்ஸ். இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். சரக்குக் காய்ச்சும் வடிகலனின் மூடியை விரலால் தட்டித் தட்டிச் சூடு பார்க்கும் பழக்கம். வெப்பமானி ஒன்று அவர் வீட்டில் உண்டு. யாரோ பரிசாகக் கொடுத்தது. அதை ஜன்னலுக்கு வெளியே மாட்டி, இன்றைக்குக் கோட்டு போட வேண்டுமா என்று பார்த்துக்கொள்கிறார்.

தொழில், அப்சிந்த் காய்ச்சுவது. மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு கசப்புச் செடி, சோம்பு, இன்னும் ஏழெட்டு மூலிகை. ஊறப்போட்டு வடித்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இறங்கும். குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பால் போல வெளுக்கும். அதன் பட்டப்பெயர் பச்சைத் தேவதை; குடித்தால் அந்தத் தேவதை கண்ணில் தெரியும், பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லி இந்த நாட்டில் 1910-இல் அதைத் தடை செய்தார்கள். 2005-இல் தடையை எடுத்தார்கள். இடையில் போன தொண்ணூற்றைந்து வருடத்தில் எங்கள் பள்ளத்தாக்கு ஒரு நாள்கூட வறண்டதில்லை. சலவை அறையில், மாட்டுக் கொட்டகையில், ஒரு காலத்தில் பாதிரியார் வீட்டு நிலவறையில்கூடப் பானை கொதித்தது. சோம்பு வாசனை வீதிக்கு வந்துவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பதால், பக்கத்து வயலில் சாணக் கரைசல் அடிக்கும் நாளாகப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். பியரெத்தின் உரிமச் சான்றிதழ் இப்போது சலவை அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. இருந்தும் பக்கத்து வயல்காரர் சாண வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால்தான் அவருக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கை வரும்.

அவர் காய்ச்சும் இடத்துக்கும் கோடையில் கூட்டம் வருகிறது. சர்க்கரைக் கட்டியைக் கரண்டியில் வைத்துக் கொளுத்தச் சொல்லி ஒருவன் கேட்டான்.

"எதுக்கு?"

"வீடியோவுல அப்படித்தான் செய்யறாங்க, மதாம்."

"மட்டமான சரக்க மறைக்கறதுக்கு எவனோ செஞ்ச வேல அது. நல்ல சரக்குக்கு எதுக்குய்யா கொள்ளி வைக்கணும்?"

அவனுடன் வந்த பெண், தேவதை உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவ தலைநகரம் பெர்ன்லேர்ந்து வரும். வரிய வாங்கிட்டுப் போயிடும்."

ஆனால் அருங்காட்சியகத்தில் அவர் இந்த மாதிரி வேடிக்கையாகப் பேசுவதில்லை.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் காவல் சாவடி. பியரெத்துக்கு இருபத்தேழு வயதில் அங்கேதான் ஒரு மத்தியானம் முழுக்க உட்காரவைத்து விசாரித்து, பானையைப் பறித்துக்கொண்டு, அபராதமும் போட்டு அனுப்பினார்கள். பறித்த பானை இப்போது முதல் அறையில் விளக்கு வெளிச்சத்தில் மினுங்குகிறது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 'நான் தேச்சு வெச்சதவிட நல்லாத் தேச்சு வெச்சிருக்கானுங்க' என்பதோடு சரி. அப்பாவின் படத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

உலீஸ் லூபா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். 1959 மார்ச்சில், அடுக்கிவைத்திருந்த மரம் ஒன்று உருண்டு வந்து அவர் தலையில் இடித்தது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து மகளின் பெயர் மறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று கத்தினார். மனநல விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடுத்ததுதான் அந்தப் படம். ஆலைக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் முதலாளியின் மைத்துனர். காரணம் என்ற இடத்தில் அவர் 'அப்சிந்த்' என்று எழுதினார். ஆலை நஷ்ட ஈடு எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடத்தில் உலீஸ் அங்கேயே இறந்துபோனார்.

விடுதியை மூடியபோது பியரெத் அப்பாவின் மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்கினார். அதன் நகல்தான் அந்தக் கைப்பையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'இடது பக்கம் மண்டையோட்டில் விரிசல்'. இரண்டாம் பக்கத்தில் 'அப்சிந்த் வெறி'. இரண்டும் அதே ஆலை மருத்துவரின் கையெழுத்து. சனிக்கிழமைகளில் வருகிறவர்களிடம் இரண்டு பக்கத்தையும் நீட்டி, படிக்கும் வரை விடமாட்டார்.

"குடிச்சவன் மண்ட தானா விரியுமா? நீங்களே சொல்லுங்க."

சிலர் தலையாட்டுவார்கள். சிலர் நழுவுவார்கள். போன மாதம் ஒரு ஜெர்மன்காரர் பலகையைப் பார்த்து, 'ஆனால் அந்தக் கண்கள்!' என்று உருகினார். பியரெத் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு ராத்திரி தூங்க விடாம கட்டிலோட கட்டி வெச்சா உங்க கண்ணும் இப்படித்தான் இருக்கும், ஐயா."

அவர் ஏன் இப்படி விடாப்பிடியாக இருக்கிறார் என்று ஊரில் முணுமுணுப்பவர்கள் உண்டு. செத்தவர் செத்துவிட்டார், சுற்றுலாவால் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்பது அவர்கள் பேச்சு. அவர்களுக்கும் விஷயம் தெரியும், தெரியாத மாதிரிப் பேசுகிறார்கள். வீட்டில் காய்ச்சியது உலீஸின் மனைவி. புருஷனைக் கொண்டுபோன அன்று அவள் பானையைக் கோடரியால் வெட்டினாள். கடையில், தெருவில், தேவாலய வாசலில் ஊர் அவளைப் பார்த்த பார்வை ஒன்றுதான்: உன் கைதான் அவனை அங்கே அனுப்பியது. அவளும் அதை நம்பினாள். நம்பிக்கொண்டே இருபத்திரண்டு வருடம் உயிரோடு இருந்து, நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். மகள் இருபது வயதில் புதுப் பானை வாங்கி அதே சலவை அறையில் அடுப்பு மூட்டியது முழுக்க முழுக்க வீம்புக்குத்தான். அம்மா அவருடன் ஒரு வருடம் பேசவில்லை.

பன்னிரண்டாவது சனிக்கிழமை அருங்காட்சியகப் பொறுப்பாளர் செத்ரிக் தானே இரண்டாவது அறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. கையில் புது அட்டை ஒன்று.

"நிர்வாகக் குழு சம்மதிச்சிருச்சு, மதாம். பலகைய எடுத்துடறோம். அந்த இடத்துல இது."

பியரெத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 'உலீஸ் லூபா, மர ஆலைத் தொழிலாளி. பணியிடத்தில் தலையில் அடிபட்டதால் மனநலம் இழந்தார்.' இந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார். ஐம்பத்தேழு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வரிக்கு வந்தார். 'அவர் வாழ்நாளில் அப்சிந்தைத் தொட்டதே இல்லை.'

"இது யாரு சொன்னது?"

"குழுதான். உங்க அப்பா பேரு சுத்தமாகட்டும்னு…"

"அவரு குடிச்சாரு, தம்பி. தெனமும் சாயங்காலம் ஒரு கிளாஸ். நான்தான் ஊத்திக் குடுப்பேன்."

செத்ரிக் பக்கத்தில் உட்கார்ந்தார். "மதாம், அத எழுதினா சனங்க மறுபடியும் பழைய கதையத்தான் நம்புவாங்க. குழுவும் லேசுல எறங்கி வரல. ஒண்ணு இது, இல்லன்னா பழசே இருக்கட்டும்ங்கறாங்க. கொஞ்சம் விட்டுக் குடுங்களேன். ஒரே ஒரு வரிதான்."

"ஒரே ஒரு வரியா? தொட்டதே இல்லன்னு எழுதினா என்னடா அர்த்தம்? தொட்டிருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்னுதான? அப்ப எங்கம்மா?"

அவர் குரல் முதல் அறைக்குக் கேட்டது. அங்கே பானையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது.

"அவரு பேரக் காப்பாத்தறேன்னு எங்கம்மா தலையில பழியக் கட்டறீங்க. ஊரு ஒரு தடவ கட்டினது போதாதா? அவ காய்ச்சினது நல்ல சரக்கு. அவரு குடிச்சாரு, நான் குடிக்கறேன், உன் தாத்தாவும் எங்க வீட்டுச் சரக்கத்தான் எண்பத்தொம்பது வயசு வரைக்கும் குடிச்சாரு. அவரு எந்த தேவதையப் பாத்தாரு? சொல்லு!"

செத்ரிக்குக்குத் தாத்தாவை நன்றாக நினைவிருந்தது.

பியரெத் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டையை முழங்காலில் வைத்து, கடைசி வரியை நிதானமாக ஒரே கோட்டில் அடித்தார். அதன் கீழே எழுதினார். எழுதியதைக் கூடத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு தடவை படித்தும் காட்டினார்: 'தினமும் மாலை ஒரு கிளாஸ் அப்சிந்த் குடித்தார். காய்ச்சியவர் அவர் மனைவி. ஊற்றிக் கொடுத்தவள் மகள்.' அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"குழு ஒத்துக்காது, மதாம்."

"குழு வந்து கழட்டட்டும்."

எழுந்தார். பூட்ஸோடு பெஞ்சின் மேல் ஏறி, பையில் கிடந்த மடக்குக் கத்தியின் முனையால் பலகையின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றியதை ஒவ்வொன்றாகக் கீழே நீட்டினார். வேறு யாரும் வாங்க இல்லாததால் செத்ரிக்தான் வாங்கிக்கொண்டார். நான்கும் வந்தபின் பலகையை இருவருமாக இறக்கி, படம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்கள். பியரெத் மறுபடியும் ஏறி அட்டையைச் சுவரில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்தார். வலது கையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு செத்ரிக் முதல் திருகாணியை அதில் வைத்தார்.