தனசேகரின் இருமல்

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். ஐஸ்க்ரீம் வாங்கப் போய்க்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். ஒரு தடவை இல்லை... தாளம் தப்பாமல் எட்டுத் தடவை. அதற்கு முப்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்த இருமலைத் தெரியும். பக்கத்தில் நின்ற என் நண்பன் தனசேகருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவனுடையதுதானே?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், பாடத் தெரிந்தவர்கள் எல்லாம் பாப் ஆல்பம் போட்ட காலம். திண்டிவனம் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்த தனசேகரும் ஒன்று போட்டான். ரெக்கார்டிங்குக்குச் சென்னை கிளம்பிய அன்று, பஸ் ஜன்னலோரம் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றார்கள். “பாடப் போறேன், வேணாம்டா” என்றான். வற்புறுத்தி ஒரு கை கொடுத்தவன் நான்.

கடைசிச் சரணத்தில் இருமிவிட்டான். திரும்பப் பாட ஸ்டூடியோவில் நேரம் இல்லை. கேசட் இருமலோடு வந்தது. விற்கவில்லை. தனசேகர் எலக்ட்ரிக்கல் கடை வைத்தான். முப்பது வருடமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான் — “நீ குடுத்த மல்லாட்டைதான்டா என்னைக் கவுத்துச்சி.” சிரித்துச் சமாளிப்பேன். உள்ளுக்குள் உறுத்தும்.

ஆடியவர்களிடம் விசாரித்தேன். முகம் தெரியாத ரசிகர் ஒருவர் அந்தக் கேசட்டைத் தேடிப்பிடித்து, ரீமிக்ஸ் செய்து இணையத்தில் விட்டிருக்கிறார். சரணங்களை வெட்டிவிட்டார். பல்லவியில் பாதி போச்சு. இருமலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தனசேகருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு தபாவாவது இந்தப் பாட்டை சுத்தமா பாடிக் காட்டணும்டா” என்றான். மேடையேறி, இது தன் பாட்டு என்று சொல்லி, மைக்கை வாங்கிப் பாடினான். ஒரு பிசிறு இல்லை. எனக்குப் புல்லரித்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களோ ஒவ்வொருவராக நின்றார்கள். மாப்பிள்ளையின் தங்கை மேடையோரம் வந்து மரியாதையாகச் சொன்னாள்:

“நல்லாதான் பாட்றீங்க அங்கிள். ஆனா அந்த இருமல் வரல பாருங்க... அத்த மட்டும் சேத்துக்குங்க.”

தனசேகர் என்னைப் பார்த்தான். முப்பது வருடக் கோபமும் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய் இருமினான். மண்டபமே சேர்ந்து இருமியது.

மாதக்கணக்கில் சாதகம் செய்கிறோம். ஜனங்களுக்குப் பிடித்துப்போவது எது? நாம் அழிக்க நினைத்தது. இதற்கு எந்தப் பாட்டு வாத்தியாரிடம் போய்ச் சேர்வது?

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் என்னை விட்டுவிட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். இனி என்னோடு பேச மாட்டான் என்றே முடிவுகட்டிவிட்டேன். நேற்று போன் வந்தது.

“வர்ற முகூர்த்தத்துல இன்னொரு ரிசப்ஷனுக்குப் பாடக் கூப்ட்டுக்கிறாங்கடா. வீட்ல பாடிப் பாத்துக்கினு இருக்கேன்... இருமல்தான் சரியா வர மாட்டேங்குது. நீ வரும்போது மல்லாட்டை வாங்கிக்கினு வந்துடு.”