இரண்டு நியூ பிரன்ஸ்விக்

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்கச் சிற்றூரில், ஆண்ட்டி வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் ஒரு புது மெத்தை சிக்கிக்கொண்டு நின்றது. நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தள்ள, ஆண்ட்டி கீழே நின்று சத்தம் போட்டார். "சுவரில உரசாமல் ஏத்துங்கோ தம்பி. போன கிழமைதான் பெயின்ட் அடிச்சது."

ஆண்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர். நான் வேலை பார்க்கும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிள் போனபின் அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் வான்கூவரில் மருத்துவர். "அவள் கிட்ட வந்தால் போதும்" என்பதைத் தவிர அவர் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த மகள்தான் நியூ பிரன்ஸ்விக்கில் வேலை கிடைத்துவிட்டதாகப் போனில் சொல்லியிருந்தாள். எங்களுக்கு நியூ பிரன்ஸ்விக் என்றால் ஆஸ்பத்திரிகள் உள்ள பக்கத்து ஊர். காரில் இருபது நிமிடம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருக்கும் எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

மெத்தை அறைக்குள் போனதும் ஆண்ட்டி வீடியோ காலில் அதை மகளுக்குக் காட்டினார். ட்யூட்டி முடிந்து இருபது நிமிஷத்தில் வந்து படுக்கலாம் என்றார். மகள் குறுக்கிட்டாள்.

"அம்மா, நோ... அது கனடா. நியூ பிரன்ஸ்விக் ஒரு ப்ராவின்ஸ்."

"நீ இப்பவும் கனடாவிலதானே இருக்கிறாய்? பிறகென்ன புதுசு?" ஆண்ட்டி போனை வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் டொராண்டோவில். அவர்களுக்கு டொராண்டோதான் கனடா, மற்றதெல்லாம் பனி. மூன்று பெருங்கடல்களைத் தொட்டுக்கொண்டு ஆறு நேர மண்டலங்களில் கிடக்கும் நாடு அது என்பது எனக்கும் பள்ளிக்கூட விடையாகத்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, பசிபிக் கரையில் வான்கூவரைக் காட்டினேன். அங்கிருந்து விரலைக் கிழக்கே நகர்த்தினேன். மலைத்தொடர், கோதுமைச் சமவெளி, பெரிய ஏரிகள், பிரெஞ்சு பேசும் கியூபெக். ஒருவழியாக விரல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தை ஒட்டி, மகளுடைய நியூ பிரன்ஸ்விக்கில் வந்து நின்றது.

ஆண்ட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இது எந்தக் கடல்?"

"அட்லாண்டிக், ஆண்ட்டி. நம்ம பீச்சுல இருக்கிற அதே கடல்தான்."

"அப்ப, இவ்வளவு நாட்டையும் கடந்து அவள் இஞ்சாலதானே வாறாள்?"

நான் இன்னொரு கோட்டைக் காட்டினேன். வீட்டருகே டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையாக ஓடும் அதே ஐ-95 நெடுஞ்சாலை வடக்கே போய்ப் போய், அந்த நியூ பிரன்ஸ்விக்கின் எல்லையில்தான் முடிகிறது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் எல்லை.

"அப்போ மெத்தைய ரிட்டர்ன் பண்ணிடலாமா ஆண்ட்டி?" மனைவி சீண்டினாள்.

"உமக்கென்ன விசரே? வாற பிள்ளை நிலத்திலயே படுக்கிறது?"

பக்கத்து ஊரான எடிசனுக்கு அப்பால் தனியாகக் கார் ஓட்டிப் பழகாதவர் அவர். மகள் அங்கே வந்து சேர்ந்தபின், முதல் தடவை என் மனைவிதான் அவரைக் கூட்டிக்கொண்டு ஓட்டிப் போனாள். இப்போது பாஸ்டனில் ஓர் இரவு தங்கி, ஆண்ட்டி தானே போய்வருகிறார். நேற்று கோயிலில் பார்த்தபோது முகத்தில் ஒரே வெளிச்சம்.

"முந்தி நான் படுக்கப் போகேக்க வான்கூவரில பொழுதும் பட்டிராது தம்பி. இப்ப எனக்கு ஒரு மணித்தியாலம் முந்தி அவளுக்கு விடியுது. போன் அடிச்சு என்னை எழுப்பிறதே அவள்தான்."