டேபிள் கிளாத் என்று சொன்ன போர்வை

என் தங்கைக்கு அப்போது எட்டாவது மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. அதனால் இந்த முறை வளைகாப்பு வேண்டாம், பிறக்கும் முன் ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு முன்கூட்டியே வாங்குவது ஆகாது என்பது எங்கள் வீட்டில் பழைய வழக்கம்தான். அவள் அதைச் சட்டமாக்கிவிட்டாள்.

அஸ்தினாபுரத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவள் நான். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மயில் போட்டுப் போட்டு, வண்டலூர் ஜூவில் அசல் மயிலைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தங்கை போட்ட சட்டத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தேன். வாங்கத்தானே கூடாது? பழைய பருத்திச் சேலைகளை அடுக்கிப் போர்வையாகத் தைத்தால் அது வாங்கியது ஆகாது. நூலும் கையில் இருந்தது. மனசாட்சியும் சரி என்றது. அது எப்போதும் என் பக்கம்தான்.

மூலைக்கு ஒன்றாக நாலு யானைக்குட்டி. மூன்று ஒழுங்காக வந்தன. நாலாவதற்குத் துணியை மெஷின் ஃபிரேமில் மாட்டியபோது போர்வையின் இன்னொரு ஓரம் அடியில் மடிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. மெஷின் இரண்டையும் சேர்த்து வெகு சிரத்தையாகத் தைத்து முடித்தது. அந்தத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருக்கும்போது, குரோம்பேட்டையில் செக்கப் முடித்துவிட்டு, போன்கூடப் பண்ணாமல் தங்கை வந்து நின்றாள்.

"என்னக்கா இது?"

"டேபிள் கிளாத். ஆர்டர்."

"டேபிள் கிளாத்துல யாராவது யானைக்குட்டி போடுவாங்களா?"

"கஸ்டமர் கேட்டா போட்டுத்தானே ஆகணும்."

அவள் நம்பவில்லை. நான் பிளேடைக் கீழே வைத்தேன். இனி ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் இந்த யானைகள்தான் காரணம். அவள் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். இத்தனை நாளும் அந்தப் பயத்தோடுதான் தைத்திருக்கிறேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போர்வையை என் கையிலிருந்து வாங்கினாள். யானையைப் பார்க்கவில்லை. திருப்பி, பின்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"முடிச்செல்லாம் குத்துதுக்கா. பாப்பாவுக்குத் தோல் உரிஞ்சிடும். அடியில இன்னொரு துணி வெச்சுத் தை."

எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து 'பாப்பா' வந்தது அப்போதுதான்.

எழுந்து பீரோவைத் திறந்தேன். இருந்ததிலேயே மெத்தென்ற சேலை, நான் இன்னும் விசேஷங்களுக்குக் கட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் எடுத்து வெட்டினேன்.