பெயரில்லாத கடைசிப் பாட்டு

சொல்லுக்கு முன்னே நின்று காக்கும் ஆனைமுகத்தான் அடி போற்றி. சொல்லாகவே நின்று அருளும் கலைமகள் அடி போற்றி.

அன்று விசயதசமி. ஏடு தொடக்குவதற்கு உகந்த நாள் என்பதால், எழுதி முடித்தும் அனுப்பாமல் வைத்திருந்த என் ஆய்வுக் கட்டுரையை, இராகுகாலம் கழிந்தபின், வெள்ளவத்தை வீட்டிலிருந்து பல்கலைக்கழக இணையத்தளத்தில் பதிவேற்றினேன். ஆசிரியப் பணியிலிருந்து இளைப்பாறியபின் தமிழில் முதுகலை படிக்கிறேன். கட்டுரைகளை ஏற்கும் தளம் அன்று மாலையே மூடப்படும் என்று தெரிந்திருந்தும், நல்ல நாளை விட மனம் வரவில்லை.

படையலுக்கு வைத்த அவலும் கடலையும் உண்ண, உடன்படிக்கும் தோழி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தாள். துறைமுக அலுவலகமொன்றில் எழுதுவினைஞர்; செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயிலுக்குத் தவறாதவள். அவள் உண்டுகொண்டிருக்கையில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. எழுதியவரின் அடையாளம் வெளிப்பட்டுள்ளதாம். தளம் மூடுமுன் திருத்தி ஏற்ற வேண்டுமாம்.

எங்கள் வகுப்பில் ஒருவர் கட்டுரையை வேறு மாணவர் இருவர் மதிப்பிடுவர். எழுதியவர் யார், மதிப்பிட்டவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியலாகாது. விதியை அறிவேன், முகப்பில் பெயர் எழுதவுமில்லை. தோழி கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சிரித்தாள்.

"ஐயோ ரீச்சர்! எங்க கோயில் பெஞ்சில உபயம் எழுதுற மாதிரி பேரு, ஊரு எல்லாம் போட்டிருக்கீங்களே!"

"ஓம், போட்டனான். கடைசிப் பாட்டில பேர் சொல்லாமல் எப்பிடி முடிக்கிறது?"

பதிகம் பாடிய பெரியோர் இறுதிப் பாட்டில் தம் பெயரும் ஊரும் சொல்லி, ஓதுவார் பெறும் பயனும் சொல்லி நிறைவு செய்வர். நாள்தோறும் அவற்றை ஓதிய வாய்க்கு வேறு முடிவு தெரியாது. இறைவனைத் தாயென அழைக்கும் பாடல்களைப் பற்றிய அக்கட்டுரையின் அடியிலும், அவ்வாறே பெயரும் ஊரும் சொல்லி, படிப்போரை வாழ்த்தி, நானே கட்டிய விருத்தம் ஒன்றை வைத்திருந்தேன்.

"முழுப் பாட்டையும் எடுத்துடுங்க ரீச்சர்."

"தீபம் காட்டாமல் பூசையை முடிக்கச் சொல்லுறீரோ?"

"அப்ப அடுத்த வருசம் வந்து காட்டுங்க. நான் பட்டம் வாங்கிட்டுப் போறேன்."

கேலியில் உண்மை இருந்தது. கட்டுரை ஏறாவிட்டால் பாடம் தவறும். அடுத்த ஆண்டு மாணவரோடு மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு கண்ணில் புரை எடுத்து, மறு கண்ணுக்குக் காத்திருக்கும் எனக்கு அடுத்த ஆண்டு உறுதியான சொல்லன்று. ஆயினும் விரல் அழிக்கும் விசைக்குப் போக மறுத்தது.

அவள் கடலையை மென்றபடி திரையைப் பார்த்தாள்.

"பேரு உங்களோடது, அதை எடுங்க. பலன் படிக்கிறவங்களோடது தானே? அது இருக்கட்டுமே."

பெயரையும் ஊரையும் நீக்கினேன். சீர் குறைந்து பாட்டு நொண்டியது. அவ்விடத்தில் 'யாரோ சொன்ன' என்று நிரப்ப, ஓசை நிமிர்ந்தது. மீண்டும் ஏற்றினேன். ஏற்றுக்கொண்டோம் என்ற செய்தி வந்தபோது கடற்கரை ரயில் கூவிப் போயிற்று. தோழி இன்னொரு கைப்பிடி அவல் எடுத்துக்கொண்டாள்.

சில வாரங்களில் மதிப்பீடுகள் வந்தன. ஒருவர், இறுதிப் பாட்டு ஆய்வுக்கு உரியதன்று என்றார். மற்றவர் என் நடுப் பகுதியை இரக்கமின்றிப் பிரித்துக் காட்டியிருந்தார். படிக்கப் படிக்க அவர் சொன்னதே சரி என்று பட்டது. இறுதியில், "வாழ்த்தைப் பெற்றுக்கொண்டேன். யாரோ சொன்னவருக்கு வணக்கம்" என்று முடித்திருந்தார். அவர் யாரென்று நான் தேடவில்லை. பாடத்தில் தேறிச் சித்தியடைந்தேன். எனக்கு மதிப்பிட வந்த கட்டுரைகளின் கீழ், குறைகளைச் சொன்னபின், நானும் பெயரில்லாமல் ஒரு வாழ்த்து எழுதினேன்.

இதனைப் படிப்போரும், படிக்கக் கேட்போரும், தளம் மூடுமுன் விரைவோரும், அனுப்பிவிட்டுக் காத்திருப்போரும் நோயின்றி, குறைவின்றி, அன்பில் நிலைத்து வாழ்க.