பக்திப் பாடகர் அல்லர் என் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. துக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மறைந்த அன்று ஆம்பூரில் எங்கள் தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘பக்திப் பாடகர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அண்ணன் வாழ்நாளில் ஒரு பக்திப் பாட்டும் பாடியதில்லை. மார்கழியில் கோயிலில் மைக்கை நீட்டினால்கூட, எனக்குத் தெரியாது சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அவர் பாடியது இரண்டே வகை. ஒன்று, ஆப்பரா என்னும் இத்தாலிய இசைநாடகப் பாடல்கள். மற்றொன்று, சிறுவயதில் ஞாயிறு காலை தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்த இந்திக் கார்ட்டூன்களின் தொடக்கப் பாட்டுகள். இதைச் சொல்ல என்ன வெட்கம்? பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் எங்கள் தாய்மாமா. ஏன் இப்படி என்று கேட்டேன்.

“வேற இன்னாம்மா போடறது? பொம்மைப் படப் பாட்டு பாடுனவர்னு போட முடியுமா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

செத்த பிறகும் அவரைத் திருத்தியாக வேண்டுமா இவர்களுக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பிறந்தது ஆலங்காயத்தில். அப்பா இறந்தபோது பிளஸ் டூ முடித்திருந்தார். மேலே படிக்கும் ஆசையை ஓரங்கட்டிவிட்டு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், பதனிட்ட தோலுக்கு நிறம் அடிக்கும் பிரிவில் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் அழைத்து வந்து இங்கே குடிவைத்தார். என்னைப் படிக்கவைத்தார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த ஸ்பிரே மெஷினைப் பொருத்த இத்தாலியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மெஷின் சத்தத்துக்கும் மேலே குரலெடுத்துப் பாடிக்கொண்டேதான் வேலை செய்வாராம். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே அண்ணனும் கூடப் பாடப் பழகினார். ஊர் திரும்பும்போது அந்த மனிதர் தன் கேசட்டுகளைக் கொடுத்து, உன்னுடையது டெனர் குரல், விட்டுவிடாதே என்று சொல்லிப் போனார். டெனர் என்றால் உச்சத்தில் பாடும் ஆண்குரல். அண்ணன் விடவில்லை. புரியாத சொற்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். கார்ட்டூன் பாட்டுகளின் இந்தி உச்சரிப்பைத் திருத்தியவர் உடன் வேலை பார்த்த சலீம் பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத தோல் உலர்த்தும் கொட்டகையில் நின்று பாடுவார். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். ஒரு இத்தாலிப் பாட்டைச் சத்தம் போடாமல் கேட்டால் ஒரு கார்ட்டூன் பாட்டு உண்டு என்பது அவர் போட்ட சட்டம்.

பெரியவர்களுக்குத்தான் காது இல்லை. ஆடு கத்துகிறது என்றீர்கள். கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி, பாட மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் போனவர்களும் இதைப் படிக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் அதே அண்ணனுக்குத்தான் போன் செய்தீர்கள். அவரும் போனார். ஒருவரையும் திருப்பிப் பேசவில்லை. அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் சுவாசித்த அந்த நிறப் புகை நுரையீரலைத் தின்றுவிட்டது. முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுத்ததோடு தொழிற்சாலை தன் கடமையை முடித்துக்கொண்டது. வேலூரில் சிகிச்சையில் இருந்த கடைசி வாரங்களில் அண்ணனால் ஒரு வரியை முழுதாகப் பாட முடியவில்லை. உதடு மட்டும் அசையும்.

ஒரு மாலை என்னை அருகே அழைத்தார். “உன் ரிசப்ஷன்ல பாதிப் பாட்டுல மாமா மைக்க புடுங்கிட்டாரே, அதான் பாப்பா இன்னும் ஆறல. மத்ததெல்லாம் மறந்துட்டேன்” என்றார். அந்த ரிசப்ஷனிலிருந்தே மாமாவோடு அவர் பேசவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு மாமா வந்தபோதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று மாலை அவர் அதைச் சொன்னபோது நான் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. தினமும் ஆம்பூரிலிருந்து வந்து போன சலீம் பாய்க்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பாட்டுக்காகக் காத்து நின்ற பிள்ளைகளுக்கும் நன்றி.

கடைசியாக மாமாவுக்கு. பேனர் விஷயத்தில் என் கோபம் இன்னும் தீரவில்லை, மாமா. ஆனால் இதை நான் எழுதாவிட்டால் இந்த மலரும் இன்னொரு பேனர்தான். ரிசப்ஷன் மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உங்களைக் கண்ணால் கூப்பிட்டு, “போதும் மாமா, நிறுத்தச் சொல்லுங்க” என்றேன். நீங்கள் போய் மைக்கை வாங்கினீர்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பியபோதுகூட நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. இத்தனை வருடமும் என் பழியைச் சுமந்ததற்கு நன்றி, மாமா. நிறுத்தச் சொன்னது நான்தான், அண்ணா.